தாதியாகப் பல வாசல்

சாதாரண நிலைத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும், “இனி தாதிமைப் படிப்பு கிடைக்காதே” எனக் கலங்கும் பெற்றோரிடம் நான் வந்த வழியைத்தான் சொல்வேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, ‘என்ரோல்டு’ தாதியாகப் பணியில் சேர்ந்தேன். பிறகு நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, பதிவுபெற்ற தாதியானேன். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2006 முதல் பட்டப்படிப்பே இருக்கிறது. வேறு துறையில் வேலை பார்ப்போரும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு மூலம் மாறி வரலாம்.

ஆனால், சுழல்முறைப் பணியின் சிரமத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். தீபாவளியன்றும் வார்டில் இருக்க நேரும். அன்றைக்குத் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி ஒருவர், எங்கே வலிக்கிறது என்று யாரிடம் சொல்வார்? அதைப் பொறுமையாகக் கேட்கும் மனம் உங்கள் பிள்ளைக்கு இருந்தால், மகளானாலும் மகனானாலும் தடுக்காதீர்கள்.