உங்களுக்குத் தெரியுமா? இரண்டு பிராட்வேக்கள்

1959 மார்ச்சில் நியூயோர்க் பிராட்வேயில் டென்னசி வில்லியம்ஸின் 'ஸ்வீட் பேர்ட் ஆஃப் யூத்' மேடையேறியது. இளமையும் புகழும் கைநழுவுவதைத் தாங்க முடியாத ஒரு நடிகையும் அவளோடு வரும் இளைஞனும்தான் கதை. அதே ஆண்டு நவம்பர் 1இல், அப்படிப் புகழ் கைநழுவிய தமிழ்த் திரை நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர் 49 வயதில் காலமானார்.

அரிச்சந்திரா நாடகத்தில், அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாகத்தான் சிறுவயதில் அவர் மேடையேறினார். 1944 தீபாவளிக்கு வந்த அவரது 'ஹரிதாஸ்' திரைப்படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பெரும்பகுதி நாட்கள், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிறையில் இருந்தார்! 1947இல் நீதிமன்றம் விடுவித்த பின்னரும் பழைய கூட்டம் திரும்பவில்லை. 1948இல் வந்த 'ராஜமுக்தி' தோற்றது.