ஒரே வீட்டில் சோரியாசிஸும் எக்ஸிமாவும்: பாட்டியின் டியூப் பேத்திக்கு ஏன் ஆகாது?

எங்கள் அம்மாச்சி வீடு பொட்டிபுரம். போடிநாயக்கனூர் பக்கம், மலையடிவாரத்து ஊர். நியூட்ரினோ திட்டச் செய்திகளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அம்மாச்சி பல வருடம் விடியக்காலை ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். அவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சோரியாசிஸ். ஜீப்பில் அவர் பக்கத்தில் உட்கார யோசித்தவர்கள் உண்டு. வீட்டிலும் அவருக்குத் தனி டம்ளர்தான். யாரும் சொல்லவில்லை, அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

போன வருடம் அக்காவின் மூன்று வயது மகளுக்குக் கன்னத்திலும் கை மடிப்பிலும் தடிப்பு, ராத்திரி முழுக்க அரிப்பு. "அம்மாச்சிகிட்ட இருந்துதான் ஒட்டிருச்சு" என்று பேச்சு கிளம்பியது. அம்மாச்சி அன்றிலிருந்து குழந்தையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார். ஆனால் அவருடைய டியூபை மட்டும் எடுத்துக் குழந்தைக்குத் தடவினோம். இரண்டே நாளில் தடிப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

தோல் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: அம்மாச்சிக்கு இருப்பது சோரியாசிஸ், குழந்தைக்கு எக்ஸிமா. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எதுவும் ஒட்டவில்லை.

அதாவது, தாராளமாகப் பகிர்ந்திருக்க வேண்டிய டம்ளரைத் தனியாக வைத்திருந்தோம். தனியாக வைத்திருக்க வேண்டிய டியூபைப் பகிர்ந்துகொண்டோம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல.

இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தோல் செல்கள் சாதாரணமாக உருவாகி உதிர 3 முதல் 4 வாரங்கள் ஆகும். சோரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்படுவதால், இது 3 முதல் 7 நாட்களிலேயே நடந்துவிடுகிறது. புதுச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, தடித்த திட்டாகி, மேலே வெள்ளி போலச் செதில் உதிர்கிறது. முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள்.

நம் ஊரில் கரப்பான் என்று சொல்லப்படும் எக்ஸிமாவில் பிரச்சினை தோலின் தடுப்புச் சுவரில். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே போய் எரிச்சலூட்டுகின்றன. கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், சின்னக் குழந்தைகளுக்குக் கன்னம் என்று வரும். அரிப்புதான் முக்கிய அறிகுறி.

இன்னொரு விஷயம். இணையத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் இவை 'சிவப்பாக' இல்லாமல் பழுப்பாகவோ கருமையாகவோ தெரியலாம். கூகுள் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தொத்துமா?

தொத்தாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் சோரியாசிஸும் எக்ஸிமாவும் பரவாது. உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு சோரியாசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2016 அறிக்கை சொல்கிறது. அதற்கு முன்பே, 2014-ல் உலக சுகாதாரப் பேரவை, இது தொற்றாத நோய் என்று குறிப்பிட்டுத் தீர்மானமே போட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வட்டமாகப் படரும் எல்லாமே சோரியாசிஸ் அல்ல. படர்தாமரை பூஞ்சையால் வருவது, அது துண்டு, துணி வழியாகப் பரவும். அதனால்தான் 'எந்த நோய்?' என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போ பரம்பரையா?

ஓரளவுக்கு. அமெரிக்காவின் தேசிய சோரியாசிஸ் அமைப்பு தரும் கணக்குப்படி, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு சுமார் 10%. இருவருக்கும் இருந்தால் சுமார் 50%. எக்ஸிமாவுக்கும் மரபணுத் தொடர்பு உண்டு. தோலின் தடுப்புச் சுவரைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்துமா, அலர்ஜி தும்மல் இருக்கும் குடும்பங்களில் எக்ஸிமா அதிகம்.

மரபணு இருந்தாலே நோய் வந்துவிடாது. பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைத் தூண்ட வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்கின் அம்மாவுக்கு சோரியாசிஸ் இருந்தது. அப்டைக்குக்கு அது 1938-ல், ஆறு வயதில், தட்டம்மை வந்த பிறகு தொடங்கியது. கிம் கர்தாஷியனுக்கும் அவர் அம்மா கிரிஸ் ஜென்னருக்கும் சோரியாசிஸ் இருப்பதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். இதில் யாருடைய 'தப்பும்' இல்லை. எந்த அம்மாவும் எந்தப் பாட்டியும் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

டியூபைப் பகிர்ந்தால் என்ன?

மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்குவதில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. அதனால் முதலில் சட்டென்று அடங்கும். ஆனால் தடித்த முழங்கைத் தோலுக்குக் கொடுத்த வீரியமான ஸ்டீராய்டு, குழந்தையின் மெல்லிய கன்னத்தில் பல மடங்கு உறிஞ்சப்படும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், வரி விழும், நிறுத்தினால் தடிப்பு திரும்பும். படர்தாமரையில் போட்டாலோ, பூஞ்சை உருமாறி இன்னும் பரவும். இந்தத் தவறான பயன்பாட்டைத் தடுக்கத்தான் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்று பயப்பட வேண்டாம். டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்குப் போட்டால் அது நல்ல மருந்துதான்.

மாத்திரையில் இன்னும் கவனம் தேவை. சோரியாசிஸுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதை எடுக்கக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள் என்றால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* குளித்து மூன்று நிமிடங்களுக்குள், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். வாசனை இல்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி போதும்.
* பீர்க்கங்காய் நாரால் செதிலைத் தேய்த்து எடுக்காதீர்கள். சோரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் காயம்பட்ட இடத்திலேயே புதுத் திட்டு வரலாம்.
* 'கரப்பான் பண்டம்' என்று குழந்தைக்கு முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். சில குழந்தைகளுக்குத்தான் உணவு காரணம். டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தினால் பாதிக்கப்படுவது வளர்ச்சி.
* தோட்டத்தில் ஈரத்திலும் பூச்சிமருந்திலும் வேலை செய்பவர்களுக்குக் கையில் வரும் அரிப்பு, ஒவ்வாமையாகவும் இருக்கலாம். டாக்டரிடம் என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள்.
* சோரியாசிஸ் உள்ளவர் காலையில் எழும்போது விரல், மூட்டு விறைப்பாக இருக்கிறது என்றால், "வயசாயிருச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அது மூட்டையும் தாக்கும். சீக்கிரம் பார்த்தால் மூட்டைக் காப்பாற்றலாம்.

தேனி மாவட்டத்தில் இருப்பவர்கள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். போகும்போது இதுவரை தடவிய எல்லா டியூப்களையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

இரண்டு நோய்களையும் நிரந்தரமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை, கட்டுக்குள் வைக்க முடியும். எங்கள் வீட்டில் இப்போது ஒவ்வொரு டியூபிலும் மார்க்கரால் பெயர் எழுதியிருக்கிறோம். அம்மாச்சியின் தனி டம்ளர் மற்ற டம்ளர்களோடு சேர்ந்துவிட்டது. பேத்தி மறுபடியும் அவர் மடியில்தான் தூங்குகிறாள்.