விடாத பிடி

துணிச்சலோடு கடமையாற்றும் காவலர்களுக்குக் குடியரசுத் தலைவரின் வீரதீரப் பதக்கம் வழங்கப்படுகிறது. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் இது அறிவிக்கப்படும். அதற்கும் மேலாக, போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருது அசோக சக்கரம். மும்பைக் காவல்துறையின் உதவி சார் ஆய்வாளர் துக்காராம் ஓம்பளே அதைப் பெற்றவர்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதிகளின் தாக்குதல் தொடங்கியது. நள்ளிரவுக்குப் பின் கிர்காவ் சௌபாத்தி சாலைத் தடுப்பில் அந்தப் பயங்கரவாதிகளில் ஒருவனான அஜ்மல் கசாப் வந்த கார் மறிக்கப்பட்டது. லத்தி மட்டுமே வைத்திருந்த ஓம்பளே, கசாப்பின் துப்பாக்கிக் குழலை இறுகப் பற்றினார். குண்டுகள் உடலைத் துளைத்தும் பிடியை விடவில்லை. சக காவலர்கள் தப்பினர். கசாப் உயிரோடு பிடிபட்டான். தாக்குதலின் பின்னணியை வெளிக்கொணர அந்தக் கைது பெரிதும் உதவியது. 2009 குடியரசு நாளில் ஓம்பளேவுக்கு, மறைவுக்குப் பின், அசோக சக்கரம் அளிக்கப்பட்டது.

ஓம்பளே போலக் கடமையில் உயிர்நீத்த காவலர்களை நினைவுகூர, 1959-இல் லடாக்கில் 10 காவலர்கள் உயிர்நீத்த அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது.