நுவரெலியாவின் ‘ஸ்னோ’: வெள்ளையாகும் புல்வெளியும் கருகும் கொழுந்தும்

ஜனவரி பிறந்தால் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றத் தொடங்கும். நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலின் புல் வெள்ளையாகக் கிடக்கும். அதன் கீழே ‘நுவரெலியாவில் பனிப்பொழிவு’ என்று எழுதியிருக்கும். அடுத்த சனிக்கிழமை இரவே யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வான்கள் புறப்பட்டுவிடும். சுவிஸிலும் நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் மச்சான், மச்சாள் பிள்ளைகள் புதுப்பனியில் சறுக்கி விளையாடுவதை வீடியோ அழைப்பில் பார்த்த நம் பிள்ளைகளுக்கு, அதே வெள்ளையை ஒருமுறை கையால் தொட வேண்டும் என்று ஆசை. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்ட பிறகு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு மலைநாடு என்பதே போருக்குப் பின்னர்தான் கிடைத்த இடம். அந்த ஆசையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அங்கே போய் எதைப் பார்க்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போகலாம்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. மார்கழி விடியலில் முற்றத்து வாழையிலையில் நிற்பதும் நமக்குப் பனி, ஐரோப்பாவில் கூரையை மூடுவதும் பனி. வெளிநாட்டுச் சொந்தங்கள் ‘ஸ்னோ கொட்டுது’ என்று சொல்வது முகிலுக்குள்ளேயே உருவாகி விழும் பனிப்படிகங்களை. குளிர்ந்த, உலர்ந்த காற்றில் விழும்போது அவை மாவுபோல இருக்கும். அந்த மாவுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். சறுக்குபவரைத் தாங்கி வழுக்கவிடுவது அந்த ஆழம். நுவரெலியாவில் இருப்பது வானத்திலிருந்து விழுவதே இல்லை. தரையை ஒட்டிய காற்றின் ஈரம், நீராகாமல் நேரடியாகப் பளிங்காகிப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் இதைத் ‘துகள் உறைபனி’ என்கிறது. மில்லிமீற்றர் கணக்கான தடிப்புத்தான். சறுக்குவதற்கு இல்லை, காலால் மிதித்தால் நொறுங்கும், அவ்வளவுதான்.

மெய்யான பனி இங்கே ஏன் விழாது? நம்மைப் போன்ற வெப்பவலய நாடுகளில் காற்று உறைநிலைக்கு இறங்க ஏறத்தாழ 4,500 மீற்றருக்கு மேலே போக வேண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் கிளிமஞ்சாரோ உச்சியில் பனிக்கட்டி இருப்பதற்குக் காரணம் அதன் உயரம் 5,895 மீற்றர் என்பதே.

உறைபனிக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை; முகில் இல்லாத இரவும் அசையாத காற்றும் போதும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வரும் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளியும். முகில் ஒரு போர்வை மாதிரி. அது விலகினால் பகலில் சூடேறிய நிலம் இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று பாரமானது. அது சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பந்தயத் திடலும் கொல்ஃப் மைதானமும் அம்பேவெல புல்வெளியும் வெள்ளையாகும்போது, மேட்டிலுள்ள வீட்டு முற்றம் வெறுமனே ஈரமாக இருக்கும். வெப்பமானி 3 பாகை, 4 பாகை என்று காட்டும் காலையிலும் புல் உறைந்திருக்கலாம். காரணம், வெப்பமானி இருப்பது ஆள் நெஞ்சளவு உயரத்தில். புல் அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

அதே குளிர்காற்று பள்ளத்துத் தேயிலை மலைகளிலும் தேங்குகிறது. இந்த இடத்தில்தான் வட்ஸ்அப் படம் முடிந்துவிடுகிறது.

இலைக்குள் இருக்கும் நீர் உறையும்போது உயிரணுக்களின் சவ்வுகள் சிதைகின்றன. விடிந்ததும் வெயில் சட்டென்று படுகையில் சேதம் கூடுகிறது. அடுத்த ஓரிரு நாட்களில் இலை, கொதிநீர் ஊற்றியதுபோலப் பழுப்பாகிக் கருகும். முற்றிய இலை ஓரளவு தாங்கும். தாங்காதது இளந்தளிர், அதாவது இரண்டு இலையும் ஒரு மொட்டும். பறிப்பதே அதைத்தான். புதுக் கொழுந்து வர வாரக்கணக்காகும், கருகல் கடுமையானால் செடியை வெட்டிவிட வேண்டியும் வரும்.

வேடிக்கை என்னவென்றால், திம்புள்ளை, நுவரெலியாத் தேயிலைக்குப் பேர்போன மணத்தைக் கொடுப்பதும் இந்த மாதங்களின் வறண்ட குளிர்தான். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை நல்ல விலைக்குப் போவது ஜனவரி முதல் மார்ச் வரையான பருவத்தில். குளிர் அளவோடு நின்றால் கம்பனிக்கு வரவு. அளவு மீறினால் அந்த இழப்பில் ஒரு பங்கு லயத்துக்கு வருகிறது.

எப்படி என்றால், தோட்டத்தில் சம்பளம் மாதக் கணக்கு அல்ல, ‘பேர்’ கணக்கு. வேலைக்குப் போன நாளுக்கு ஒரு பேர்; சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் பல தோட்டங்களில் அரைப் பேர். மலையில் கொழுந்து இல்லையென்றால் கிலோ நிறையாது, வேலைநாளும் குறையும். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவானது, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. செய்திகளில் வருவது இந்த எண்கள்தான். மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்பதைப் பொறுத்தே வீட்டுக்கு வரும் பணம். நாட்சம்பளத்தைப் பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் நாட்களின் எண்ணிக்கையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கந்தப்பளை, மீப்பிலிமானைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரருக்கும் இதே கவலை உண்டு. வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவி, முடிந்ததைக் காப்பாற்றுவார்கள். ஏக்கர் ஏக்கராக விரியும் தேயிலைக்கு அது நடக்கிற காரியம் அல்ல.

வன்னி வாசகருக்கு இது தூரத்துச் சேதியும் அல்ல. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் பல வீடுகளின் வேர் மலையில் இருக்கிறது. 2009 இல் அந்த வீடுகளும் எல்லோரோடும் சேர்ந்தே முள்ளிவாய்க்கால் வரை போயின. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். அங்கும் இதே மாதங்களில் உறைபனி விழுகிறது. சிறு விவசாயிகள் இளஞ்செடிகளைக் காய்ந்த தழை போட்டு மூடுகிறார்கள். கடல் தாண்டியும் பனி விட்டபாடில்லை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். முன்னைய நாள் வானிலை அறிவிப்பில் ‘நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். முகில் மூடிய இரவென்றால் வீணாகக் கண்விழிக்க வேண்டாம். விடியுமுன் திடலில் நிற்க வேண்டும், வெயில் பட்டால் வெள்ளை வேகமாகக் கரைந்துவிடும். இரவெல்லாம் ஓடிவந்த சாரதி கொஞ்சமாவது தூங்கட்டும். மலை வளைவுகள் பழக்கமில்லாதவருக்கு மூடுபனி பொல்லாதது. பிள்ளைகளுக்குச் சுவெற்றர் இல்லையென்றால் நகரச் சந்தையில் பழையவை மலிவாகக் கிடைக்கும். படம் எடுக்கத் தேயிலைக்குள் இறங்குவதானால் நடைபாதையோடு நில்லுங்கள். அந்த நேரத்தில்தான் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலைக்கு ஏறுவார்கள். இன்றைக்கு எந்த மலை கருகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், இடத்தைக் கையால் காட்டுவார்கள்.