பழைய தோற்பையில் எதைத் திருத்துவது, எதை விடுவது?

அம்மாவின் அலுமாரிக்குள் ஒரு பழைய தோற்பை இருக்கிறது. 1989இல் அப்பா கொழும்பிலிருந்து வாங்கி வந்தது. மண்ணிறம், பித்தளைக் கொளுக்கி, தோளில் மாட்டும் நீண்ட வார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் அதற்குள்தான் இருந்தன. 2009 மே மாதம் நந்திக்கடல் தண்ணீருக்குள் இறங்கி நடந்தபோதும் அதே பைதான் அம்மாவின் தோளில் கிடந்தது. உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்திருக்கும். சிலருடைய வீட்டில் இன்னமும் இருக்கும்.

கடந்த மாரியில் அதை வெளியே எடுத்தேன். வாரின் தையல் பிரிந்திருந்தது. பையின் கீழ்ப்பாதி வெள்ளை பூத்துக் கிடந்தது. திருத்தலாம் என்று தொடங்கினேன். அதற்காக வாசித்தும், கேட்டும், கைதவறிச் செய்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது தோல்தானா?

பையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும். றெக்சின் என்றால் மேலே பிளாஸ்ரிக் படலமும் கீழே துணியும் தெரியும். அந்தப் படலம் உரியத் தொடங்கிவிட்டால் அதைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. எங்கள் ஈரமான காலநிலையில், பாவிக்காமல் வைத்திருந்தாலும் அது உரியும்.

தோலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டது. தமிழ்நாட்டில் இதற்கு ஆவாரம் பட்டையைப் பயன்படுத்தினார்கள். மற்றது குரோமிய உப்பில் விரைவாகப் பதனிட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி இதுதான். பட்டையில் பதனிட்ட தோல், கை படப்பட நிறம் கறுத்து மெருகேறும். அதில் ஒரு துளி தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்கும். மேற்பூச்சு இல்லாத ஓர் ஒதுக்குப்புறத்தில் மட்டும் இதைச் செய்து பாருங்கள்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணமல்ல

நான் முதலில் விட்ட பிழை இதுதான். வெள்ளையாக இருந்த எல்லாவற்றையும் பூஞ்சணம் என்றே நினைத்தேன். உண்மையில் மூன்று காரணங்கள் இருக்கலாம். பூஞ்சணம் பஞ்சு போல இருக்கும், மணக்கும். தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து படிந்தால் அது மெழுகு போலிருக்கும். தலைமுடி உலர்த்தியின் மெல்லிய சூட்டில் கரைந்து மறையும். மூன்றாவது உப்பு. அது மணலைப் போல நெருநெருக்கும், தண்ணீரில் கரையும்.

எங்கள் பையின் மேற்பக்கத்தில் பூஞ்சணம். கீழ்ப்பாதியில் உப்பு. கடலேரித் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு கறுத்த கோடும் இருந்தது. ஈரம் தோலுக்குள் ஏறும்போது சாயத்தையும் பட்டைச் சாற்றையும் கரைத்துக்கொண்டு போகும். அந்த ஈரம் எங்கே காய்கிறதோ அங்கே அவை கோடாகப் படிந்துவிடும்.

பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து, முகக்கவசம் அணிந்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். உப்பை, வடிகட்டிய நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் கொஞ்சங் கொஞ்சமாக, பல நாட்கள் ஒற்றியெடுக்க வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் அதை அப்படியே விட்டால் தோல் தொடர்ந்து பழுதாகும். பிறகு நிழலில், காற்றோட்டமாகக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஈரத்தோலில் சூடு பட்டால் சுருங்கும். அந்தச் சுருக்கம் திரும்ப விரியாது.

தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லிப் பலர் சொன்னார்கள். பூசாதீர்கள். நாட்பட அது சிக்கு மணம் வைக்கும், திட்டுத் திட்டாகக் கறுக்கும். தோலுக்கென்று விற்கும் களிம்பை மிகக் குறைவாக, முதலில் மறைவான இடத்தில் பூசிப் பார்த்துப் பாவியுங்கள்.

பழைய வார்

தையலுக்காக யாழ்ப்பாண நகரில் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவரிடம் போனோம். வாரை மாற்றிவிட்டு, கறுத்த கோடு தெரியாமல் பை முழுவதற்கும் கடும் மண்ணிறம் அடிக்கலாம் என்றார். பை புதுசு போல வந்துவிடுமாம். நானும் சரி என்றேன்.

அம்மா மட்டும் பையைக் கையிலிருந்து விடவில்லை. "வாரை மாத்தாதை பிள்ளை. தண்ணிக்குள்ளை அப்பா இதைத்தான் பிடிச்சுக்கொண்டு வந்தவர்."

வட்டுவாகலுக்குப் பிறகு அப்பா எங்களோடு இல்லை.

பழைய பைகளைச் சேகரிப்பவர்களிடையேயும் இந்தக் கேள்வி உண்டு. நடிகை ஜேன் பேர்கினுக்காக 1985இல் ஹெர்மெஸ் நிறுவனம் செய்துகொடுத்த முதல் 'பேர்கின்' பை, 2025 ஜூலையில் பாரிஸில் ஏலம் போனது. விலை ஏறத்தாழ 86 இலட்சம் யூரோ. அந்தப் பையில் கீறல்கள் இருந்தன, அவர் ஒட்டிய ஸ்ரிக்கர்களின் தடங்கள் இருந்தன. அவற்றை யாரும் அழித்துப் புதுசாக்கவில்லை. யாருடைய பை என்பதற்கு அந்தத் தடங்களும் சாட்சி.

அம்மாவின் பையை யாரும் ஏலத்தில் எடுக்கப்போவதில்லை. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். தோலை அரிக்கும் உப்பையும் பூஞ்சணத்தையும் எடுத்தோம். தோலுக்குக் கெடுதல் செய்யாத கோட்டை அப்படியே விட்டோம். நைந்த வாரின் பின்பக்கம் மெல்லிய தோல்பட்டி ஒன்றை வைத்து, மெழுகிட்ட நூலால், இரண்டு ஊசி கொண்டு கையாலேயே தைத்துத் தந்தார் ஐயா. இந்தத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். "பழைய ஓட்டையாலைதான் ஊசி போகோணும். புதுசாய்க் குத்தினா தோல் கிழிஞ்சுபோம்" என்றார்.

உள்ளே இருப்பவை

உங்களிடமும் இப்படி ஒரு பை இருந்தால், துப்புரவாக்க முன்னர் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். உட்துணியின் மடிப்புகளைத் தடவிப் பாருங்கள். அதற்குள் கிடக்கும் சீட்டையோ துண்டுக் காகிதத்தையோ எறியாதீர்கள். காணாமல்போன ஒருவரைத் தேடும் குடும்பத்துக்கு முகாமில் தந்த ஒரு துண்டும் பெறுமதியானது.

பத்திரங்களைப் பைக்குள் வைத்திருக்க வேண்டாம். தோலின் எண்ணெயும் அமிலமும் காகிதத்தைப் பழுதாக்கும். பிரதி எடுத்து வேறாக வையுங்கள். மூலப்பத்திரத்தை லமினேற் செய்ய வேண்டாம். அதைப் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது. பைக்குள் வெள்ளைக் காகிதத்தைத் திணித்து, பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். பொலித்தீன் பை கூடாது, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மாரி காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

எங்கள் பத்திரங்களும் இப்போது கோப்பொன்றில் இருக்கின்றன. அப்பாவின் அடையாள அட்டையை மட்டும் அம்மா திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதம் வைத்தேன், அவ்வளவுதான்.

பை வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதற்குள் இரண்டு கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்து, தோளில் மாட்டி, முற்றத்தில் அங்குமிங்கும் நடந்து பார்த்தார்.

"இன்னொருக்கா வெளிக்கிட வேண்டி வந்தா தாங்கும்தானே?"

தைத்தவர் தாங்கும் என்றுதான் சொன்னார். நானும் அதையே சொன்னேன்.