கார் கூரையில் ஏறிய படகு

பொழுதுபோக்குக்காகப் படகு வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது விலையைத்தான் என்றாலும், அந்த விலைக்குள் மூன்று செலவுகள் அடங்கியிருப்பதையும், நான்காவது செலவு படகு கைக்கு வந்த பிறகே தலைகாட்டுவதையும் அவர் பெரும்பாலும் பின்னரே அறிகிறார். மரம், பாய், கயிறு முதலிய பொருள்களுக்கு ஆகும் செலவும், அவற்றைப் படகாக்கும் தச்சரின் கூலியும், விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவும் முதல் மூன்று. படகை நீர்நிலையோரம் நிறுத்திவைக்கத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய வாடகை நான்காவது. இவற்றில் எவற்றைக் குறைத்தால் ஒரு படகு புதியவரின் கைக்கு எட்டும் என்பதற்கு, பிரிட்டனில் 1963-ஆம் ஆண்டு அறிமுகமான ‘மிரர்’ என்ற சிறிய பாய்மரப் படகு தெளிவான விடை ஒன்றைத் தந்தது.

மரப்பலகைகளை வளைத்து, உட்சட்டங்களோடு பிணைத்து, நீர் கசியாமல் பொருத்தும் பழைய முறை பல ஆண்டுப் பயிற்சியைக் கோரியதால், படகின் விலையில் கூலியின் பங்கு பெரிதாக இருந்தது. நீரில் நனைந்தாலும் அடுக்குப் பிரியாத பிளைவுட் பலகை இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபோது, ஜாக் ஹோல்ட் போன்ற வடிவமைப்பாளர்கள் தட்டையான பலகைகளைக் கொண்டே சிறு படகுகளை அமைக்க முனைந்தனர். ஹோல்ட் வடிவமைத்த ‘எண்டர்பிரைஸ்’ படகை 1956-இல் ‘நியூஸ் கிரானிக்கிள்’ நாளிதழ் முன்னின்று பிரபலப்படுத்தியது. அதே வழியில், உழைக்கும் மக்களிடையே பெரும் வாசகர் கூட்டத்தைக் கொண்டிருந்த ‘டெய்லி மிரர்’ நாளிதழ் அடுத்த படகுக்குத் தன் பெயரையே அளித்ததால், விளம்பரச் சுமை படகின் விலைமேல் ஏறாமல் போயிற்று. வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பிபிசி தொலைக்காட்சியில் மக்களுக்குக் கற்பித்துவந்த பாரி பக்னெல், ஹோல்ட்டுடன் இணைந்து இப்படகை உருவாக்கினார்.

மிரரின் சிக்கனத்துக்கு அடிப்படையாக அமைந்தது ‘தைத்து ஒட்டும்’ முறையாகும். அளவாக அறுக்கப்பட்ட பிளைவுட் துண்டுகளின் ஓரங்களில் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியைக் கோத்து முறுக்கினால், தட்டையான துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு தாமாகவே படகின் வளைவுக்கு வந்துவிடுகின்றன. பிறகு இணைப்புகளின்மேல் கண்ணாடியிழை நாடாவை வைத்து, கெட்டிப்படும் இயல்புள்ள ரெசினைப் பூசினால், நீர் புகாத உறுதியான மூட்டு கிடைக்கிறது. துண்டுகளின் வடிவத்திலேயே படகின் வடிவம் அடங்கியிருப்பதால், தச்சரின் கண்ணும் கைப்பழக்கமும் செய்த வேலையை வரைபடமே செய்துவிடுகிறது என்பதும், சாதாரணக் கருவிகள் உள்ள எவரும் வீட்டுக் கொட்டகையில் படகு கட்டலாம் என்பதும் இதன் பொருள். பாகங்கள் அடங்கிய முழுத் தொகுப்பு 63 பவுண்டு 11 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது; உடலுழைப்புத் தொழிலாளர்களின் சராசரி வாரக் கூலி 16 பவுண்டை ஒட்டி இருந்த அக்காலத்தில், இது ஏறத்தாழ நான்கு வார ஊதியமாகும்.

நான்காவது செலவையும் வடிவமைப்பே கவனித்துக்கொண்டது. சுமார் 3.3 மீட்டர் நீளமும் 45 கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட மிரரை இருவர் தூக்கிக் காரின் கூரைமேல் கட்டிவிட முடிந்ததால், அதை நீர்நிலையோரம் நிறுத்தி வாடகை கொடுக்கும் தேவை இல்லாமல் போயிற்று. அதன் முகப்பு கூராக நீளாமல் தட்டையாக முடிவது, குறைந்த நீளத்துக்குள் உள்ளிடத்தைக் கூட்டித் தருகிறது. நீண்ட பாய்மரத்துக்குப் பதிலாகக் குட்டையான மரம் ஒன்றை நட்டு, பாயைத் தாங்கும் மற்றொரு கழியை அதன்மேல் செங்குத்தாக ஏற்றிக்கொள்ளும் அமைப்பால், கழற்றிய பிறகு எல்லாக் கழிகளும் படகுக்குள்ளேயே அடங்குகின்றன. பாய் விரித்தும், துடுப்பு வலித்தும், சிறு மோட்டாரைப் பின்புறம் பொருத்தியும் செலுத்த முடிந்ததால், ஒரு குடும்பத்தின் பலவகைத் தேவைகளுக்கு ஒரே படகு போதுமானதாக இருந்தது.

சில ஆண்டுகளில் இதே சிக்கலுக்கு வேறொரு விடையும் கிடைத்தது. கண்ணாடியிழையையும் ரெசினையும் அச்சில் படியவைத்து வார்க்கும் முறையில், அச்சைச் செய்யும் செலவு பெரிதாயினும், அதே அச்சிலிருந்து படகுகள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் மேலும் விழும் பங்கு குறைந்துகொண்டே போகும். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி வடிவமைத்து, 1971-இல் 695 டாலர் விலையில் வெளிவந்த ‘லேசர்’ படகு இவ்வழியில் சென்று, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையை எட்டி, 1996 முதல் ஒலிம்பிக் போட்டியிலும் இடம்பெற்றது. அதுவும் கார் கூரையில் ஏற்றத்தக்க படகாகவே திட்டமிடப்பட்டது என்பது தற்செயலன்று.

இவ்விரு படகுகளும் ‘ஒரே வடிவ’ வகையைச் சேர்ந்தவை. அதாவது, எந்த ஆண்டில் கட்டப்பட்டதாயினும் அளவும் வடிவமும் விதிப்படி ஒத்திருக்க வேண்டும் என்பதால், புதிய மாதிரி வந்து பழையதை மதிப்பிழக்கச் செய்வதில்லை. பழைய படகுக்கும் பந்தயத்தில் இடமுண்டு, உதிரிப் பாகமும் கிடைக்கும் என்ற உறுதி இருப்பதால், ஒருவர் கைவிட்ட படகு மற்றொருவரின் முதல் படகாகிறது.

மிரர் செலவைக் குறைத்ததில் ஒரு பகுதி, கூலியை வாங்குபவரின் சொந்த உழைப்பாக மாற்றியதே என்பதும், ஓய்வு நேரமும் கொட்டகையும் இல்லாதவருக்கு அந்தச் சலுகை முழுமையாகப் பயன்படவில்லை என்பதும் மறுக்க இயலாதவை. ஆயினும் 70,000-க்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டன என்னும்போது, அந்தப் பேரத்தை ஏற்க ஆயத்தமாக இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது விளங்கும். கடையில் தரப்படும் தள்ளுபடி ஒருமுறை மட்டுமே உதவும்; எடையிலும் நீளத்திலும் இணைப்பு முறையிலும் வரைபலகையிலேயே செய்யப்பட்ட சிக்கனமோ, படகு கைமாறும் ஒவ்வொரு முறையும் புதிய உரிமையாளருக்கும் சேர்ந்தே போகிறது.