அக்காவின் நிறம் எங்கே போனது?

தீபாவளிக்கு முன் பெரியம்மா மகளைப் படமெடுக்க பிரிக்பீல்ட்ஸ் போனேன். மயில்கழுத்து நிறச் சேலை, தலை நிறைய மல்லிகை. துன் சம்பந்தன் சாலையில் மணி ஒன்று. வெயில் கொளுத்துகிறது, வெளிச்சத்துக்கு என்ன குறை என்று நினைத்தேன். படத்தில் அக்காவின் கண்கள் இரண்டு கருங்குழிகள். மூக்கின் நிழல் மீசை. வீட்டில் கைப்பேசிச் செயலியால் முகத்தை வெளுப்பாக்கிப் பெரியம்மாவிடம் காட்டினேன்.

"இது யாரு வீட்டுப் பிள்ளைடா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் இருண்டு போயின. பின்னாளில் பிலிமைத் திருத்தியதற்கு, தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சாக்லெட், மரத்தளவாட நிறுவனங்கள் முறையிட்டதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் எழுதியிருக்கிறார். நம் முகங்களுக்கு முன்னால் சாக்லெட்டுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது!

ஆனால் என் தவற்றுக்குக் கோடாக்கைக் குறை சொல்ல முடியாது. 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு உச்சி வெயில் பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டித்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மாலையின் பொன்னொளி ஒரு மணி நேரம்கூட நிற்காது. அந்த நேரம் பார்த்துத்தான் மழையும் வரும்.

அடுத்த வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போனோம். இம்முறை காக்கி லீமாவின் கூரைக்குள், வெயில் விளிம்பிலிருந்து ஓர் அடி உள்ளே அக்காவை நிறுத்தினேன். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பெரிய ஜன்னல் வெளிச்சம்போல மென்மையாக விழுந்தது. அக்கா முகத்தைச் சாலைப் பக்கம் பாதி திருப்பியதும் கன்னமேட்டில் ஒரு மினுக்கம். கறுத்த தோலுக்கு அந்த மினுக்கம்தான் வடிவம் தருகிறது. அதைப் பவுடர் பூசி மறைக்கத் தேவையில்லை. வியர்வையை மட்டும் ஒற்றி எடுத்தால் போதும். மறு பக்க நிழலுக்கு வெள்ளை மணிலா அட்டை ஒன்றை இடுப்பளவில் பிடித்தான் தம்பி. மஞ்சள் கூடாரத்தின் அருகே போகாதீர்கள். முகத்தில் மஞ்சள் அப்பிக்கொள்ளும்.

பின்னால் சாலை பளிச்சென்று இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். கைப்பேசியில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை நீங்களே கூட்டுங்கள்.

நிற்கும் விதம்? அடையாள அட்டைப் படத்துக்குப் போல அக்கா விறைத்து நின்றார். எடையை ஒரு காலில் போடச் சொன்னேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவரிடம், கடைக்காரரைக் கேட்டு ஒரு முழம் பூவைக் கொடுத்தேன். பூவைக் கவனித்ததில் அக்கா கேமராவை மறந்துவிட்டார்.

அந்தப் படத்தைப் பெரியம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அக்காவுக்குத்தான் குறை. சேலை மடிப்பு சரியில்லையாம்.